போற வழி சொல்லாது... வந்த வழி மறக்காது!

இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். தளவாய்புரத்துல இருந்து சேத்தூருக்கு எத்தனை வழி?

"இதெல்லாம் ஒரு கேள்வியா... பஸ் போற ரோடு இருக்குல்ல"ன்னு சொல்றவங்க கொஞ்சம் பொறுங்க. இதே கேள்வியை வீட்டுல இருக்கிற தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க. கண்மாய்க்கரை மேல ஒரு வழி, தென்னந்தோப்புக்கு நடுவுல ஒரு வண்டிப்பாதை, மழை பெஞ்சா போக முடியாத ஓடைப்பாதை ஒண்ணுன்னு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சிடுவார். அவர் காலத்துல சைக்கிளும் காலும்தான் வண்டி. அதனால பாதையெல்லாம் அவர் மண்டைக்குள்ள இருக்கு. நம்ம மண்டையில இருக்கிறது பஸ் ரூட் மட்டும்தான். மொபைல்ல மேப்பைத் திறந்தா அதுலயும் பெரும்பாலும் ரோடுதான் தெரியும். தாத்தாவோட ஒத்தையடிப் பாதைக்கு அங்கே இடமில்லை.

அந்தப் பாதைகளைத் திரும்பக் கண்டுபிடிக்கவும், போனா பத்திரமா வீடு திரும்பவும் உதவுற ஒரு குட்டிக் கருவிதான் இந்த வார ஹீரோ. பேரு, கையடக்க ஜி.பி.எஸ்.!

ஆளு எப்படி?

பார்க்க அந்தக் கால பட்டன் மொபைல் மாதிரி கொஞ்சம் தடிமனா இருக்கும். சின்ன ஸ்கிரீன், நாலஞ்சு பட்டன், உள்ளே ரெண்டு பென்சில் பேட்டரி. அவ்வளவுதான். 1989-ல மெகல்லன்னு ஒரு கம்பெனி பொதுஜனத்துக்காக முதல் கையடக்க ஜி.பி.எஸ். கருவியை வித்தப்போ அதோட விலை கிட்டத்தட்ட 3,000 டாலர். 2000-ல கார்மின் கம்பெனியோட இ-ட்ரெக்ஸ் வந்த பிறகு மலையேறுறவங்க, சைக்கிள்காரங்க, படகுக்காரங்கன்னு எல்லார் கையிலும் பரவிடுச்சு.

"என் மொபைல்லயே ஜி.பி.எஸ். இருக்கே பாஸ், எதுக்குத் தனியா ஒண்ணு?" நியாயமான கேள்வி. இன்னிக்கு ஒரு நல்ல கையடக்கக் கருவி வாங்கணும்னா பத்தாயிரத்தைத் தாண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது பெரிய காசு. அதனால உண்மையைச் சொல்லிடறேன். கண்மாய்க்கரை சுத்த மொபைலே போதும். தனிக்கருவியோட பலம் வேற இடத்துல இருக்கு. உச்சி வெயில்ல ஸ்கிரீன் பளிச்சுன்னு தெரியும். மழையில நனைஞ்சாலும் ஹேண்டில்பார்ல இருந்து விழுந்தாலும் சட்டுன்னு சாகாது. பேட்டரி தீர்ந்தா பெட்டிக்கடையில ரெண்டு பென்சில் பேட்டரி வாங்கிப் போட்டுக்கலாம். மொபைல் சார்ஜ் தீர்ந்தா மேப்பும் போச்சு, போன் பேசற வசதியும் போச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல போறதுதான் ஆபத்து.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்லை. ஜி.பி.எஸ்.ஸுக்கு சிம் கார்டும் வேணாம், டவரும் வேணாம். டவர் இல்லாத இடத்துல மேப் வெள்ளையாத் தெரியுதுன்னா, படம் டவுன்லோட் ஆகலைன்னு அர்த்தம். நீங்க நிக்கிற இடம் அப்பவும் மொபைலுக்குத் தெரியும். வீட்டுலயே வை-ஃபைல அந்தப் பகுதி மேப்பை ஆஃப்லைனா இறக்கி வெச்சுக்கிட்டா கவலையில்லை. ஏர்பிளேன் மோடுல போட்டாலும் பெரும்பாலான மொபைல்ல ஜி.பி.எஸ். வேலை செய்யும், சார்ஜும் மிச்சமாகும்.

மேலே என்ன நடக்குது?

நம்ம தலைக்கு மேல சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல அமெரிக்காவோட முப்பது சொச்சம் ஜி.பி.எஸ். சேட்டிலைட்கள் சுத்திக்கிட்டு இருக்கு. ஒவ்வொண்ணும் "நான் இங்கே இருக்கேன், இப்போ மணி இவ்வளவு"ன்னு ஓயாம சொல்லிக்கிட்டே இருக்கும். உங்க கையில இருக்கிற கருவி அதைக் கேட்டு, சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்து, தூரத்தைக் கணக்குப் போடும். நாலு சேட்டிலைட் கிடைச்சா போதும், நீங்க நிக்கிற இடமும் உயரமும் தெரிஞ்சிடும்.

எல்லாமே நேரக் கணக்குங்கிறதால கடிகாரம் துல்லியமா இருக்கணும். பூமியில இருக்கிற கடிகாரத்தைவிட மேலே இருக்கிற கடிகாரம் ஒரு நாளைக்கு சுமார் 38 மைக்ரோ செகண்ட் வேகமா ஓடும். ஐன்ஸ்டைனோட சார்பியல் தத்துவம் சொன்ன விளைவு அது. அதைத் திருத்தாம விட்டா, ஒரே நாள்ல கிலோமீட்டர் கணக்குல இடம் தப்பாக் காட்டும். பிசிக்ஸ் கிளாஸ்ல தூங்கினவங்களுக்கு... ஐன்ஸ்டைன் உங்க சைக்கிள்லயும் உட்கார்ந்திருக்கார்!

இது ராணுவத்துக்காகச் செஞ்ச ஏற்பாடு. 1983 செப்டம்பர்ல வழி மாறிப் போன கொரியப் பயணிகள் விமானம் ஒண்ணை சோவியத் படை சுட்டு வீழ்த்துச்சு. 269 பேர் செத்துப்போனாங்க. அதுக்குப் பிறகுதான், ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்களும் இலவசமா பயன்படுத்தலாம்னு அன்னைய அமெரிக்க அதிபர் ரீகன் அறிவிச்சார். அப்படியும் நமக்குக் கிடைச்ச சிக்னல்ல வேணும்னே பிழை கலந்து வெச்சிருந்தாங்க. நூறு மீட்டர் வரைக்கும் தப்பாக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்துல அந்தப் பிழையை நிறுத்தினதும்தான், 'கண்மாய்க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா'ன்னு நம்பிச் சொல்ற அளவுக்கு இது வந்துச்சு. இப்போ ரஷ்யா, ஐரோப்பா, சீனா எல்லாருக்கும் சொந்த ஏற்பாடு இருக்கு. நம்ம இஸ்ரோவும் 'நாவிக்' ஏற்பாட்டோட முதல் சேட்டிலைட்டை 2013 ஜூலையில அனுப்புச்சு.

முதல் பாடம், முதல் சுத்து!

தியரி போதும். ஞாயித்துக்கிழமை காலையில சைக்கிளை எடுங்க. மலைப்பக்கம் வேணாம். தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர்... பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நைட்டி தைக்கிற மெஷின் சத்தம் எந்தத் தெருவுல இருந்தாலும் கேட்கும். தொலைஞ்சு போக வாய்ப்பே இல்லை. கருவியைப் பழகுறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

கிளம்புற இடத்துல வெட்டவெளியா பார்த்து ரெண்டு நிமிஷம் நில்லுங்க. கருவி சேட்டிலைட்களைப் பிடிக்க அந்த நேரம் கொடுக்கணும். பிடிச்சதும் அந்த இடத்தை ஒரு பாயின்ட்டா சேவ் பண்ணி 'வீடு'ன்னு பேர் வையுங்க. இதுதான் எல்லாத்தையும்விட முக்கியமான பாயின்ட். இதைச் செய்யாம கிளம்பினா, கருவி கையில இருந்தும் பாதிப் பிரயோஜனம்தான்.

அப்புறம் ட்ராக் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணுங்க. நீங்க போகப் போக, கருவி பின்னாடியே புள்ளி வெச்சுக்கிட்டு வரும். கோலத்துப் புள்ளி மாதிரி. அதையெல்லாம் சேர்த்தா உங்க பாதை. எத்தனை செகண்டுக்கு ஒரு புள்ளின்னு நீங்களே செட் பண்ணலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல மிதிக்கிறீங்கன்னு வைங்க. நிமிஷத்துக்கு ஒரு புள்ளின்னா, ரெண்டு புள்ளிக்கு நடுவுல 250 மீட்டர் இடைவெளி விழும். அதுக்குள்ள ரெண்டு வளைவு வந்துட்டுப் போயிருக்கும், கருவிக்கு அது நேர்க்கோடாத்தான் தெரியும். 5 செகண்டுக்கு ஒண்ணுன்னா இடைவெளி கிட்டத்தட்ட 21 மீட்டர். சைக்கிளுக்கு இது சரியா வரும்.

டீக்கடையில அரைமணி நேரம் உட்கார்ந்து அரட்டை அடிச்சீங்கன்னா ஒரு வேடிக்கை பார்க்கலாம். நீங்க பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே மாட்டீங்க. ஆனா, ட்ராக்ல குழந்தை கிறுக்கின மாதிரி கோடு கோடா விழுந்திருக்கும். சிக்னல்ல வர்ற சின்னச் சின்னப் பிழையை எல்லாம் கருவி 'நடந்தார்'னு எழுதிடும். உட்கார்ந்தபடியே தூரம் கூடும்! அதனால கடையில நிக்கும்போது ரெக்கார்டிங்கை நிறுத்தி வையுங்க, கிளம்பும்போது மறக்காம திரும்ப ஆன் பண்ணுங்க. ஓங்கின பாறைச் சுவர், அடர்ந்த மரநிழல் இருக்கிற இடத்துலயும் இதே கூத்து நடக்கும்.

இன்னொண்ணு, விலை குறைஞ்ச மாடல்கள்ல திசை காட்டுற அம்பு நீங்க நகர்ந்தாத்தான் சரியாக் காட்டும். நின்னுட்டா பம்பரம் மாதிரி சுத்தும். பதறாதீங்க, பத்தடி நடங்க, சரியாயிடும். நம்ம ஊர்ல அதைவிட நம்பகமான காம்பஸ் ஒண்ணு இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை! தளவாய்புரத்துல எந்தத் தெருவுல நின்னாலும் மலை தெரியற பக்கம் மேற்கு. ஆனா, அந்த மலைக்குள்ளேயே நுழைஞ்சிட்டா? அதைப் பிறகு பேசுவோம்.

ஒரு புள்ளி, முப்பத்து மூணு கிலோமீட்டர்!

நண்பன் ஒரு இடத்தோட நம்பரை அனுப்பறான். நீங்க கருவியில அடிக்கிறீங்க. இங்கேதான் கவனம் வேணும்.

ராஜபாளையம் சுமார் 9.45 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. இதை 9 டிகிரி 45 நிமிடம்னு அடிச்சிட்டா என்ன ஆகும்? ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். 9.45 டிகிரின்னா 9 டிகிரி 27 நிமிடம்தான். நடுவுல 18 நிமிடம் வித்தியாசம். தரையில அது கிட்டத்தட்ட 33 கிலோமீட்டர்! ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டைத் தேடிப் போறவர் ஸ்ரீவில்லிபுத்தூரையும் தாண்டிப் போயிடுவார். கருவி எந்த முறையில எழுதுது, நண்பன் எந்த முறையில அனுப்பினான்னு ரெண்டையும் பார்த்துட்டு அடிங்க. மைதானத்துல கண்டுபிடிச்சா காமெடி. காட்டுல கண்டுபிடிச்சா கதை வேற.

அம்புக்குறியை நம்பாதீங்க

அடுத்த சிக்கல் அம்பு. 'இந்த இடத்துக்குப் போகணும்'னு சொன்னா, சாதாரண கையடக்கக் கருவி ஒரு அம்பைக் காட்டி தூரத்தைச் சொல்லும். அது காக்கா பறக்கிற தூரம்.

ராஜபாளையத்துல நின்னுக்கிட்டு குமுளியைக் கேளுங்க. மேற்கே கை காட்டி 46 கிலோமீட்டர்னு சொல்லும். "அட, பக்கம்தானே... சைக்கிள்லயே போயிடலாம்"னு தோணும். ஆனா, ரோட்டுல போனா உசிலம்பட்டி, தேனி, கம்பம்னு சுத்திக்கிட்டு அதைப்போல மூணு மடங்குக்கு மேல மிதிக்கணும். காரணம், அந்த நேர்க்கோட்டுல இருக்கிறது மலையும் காடும் புலியும்! 2021 பிப்ரவரியில அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அந்தப் பக்கம்தான் இருக்கு. அம்புக்கு அதெல்லாம் தெரியாது. பள்ளம், பாறை, கிணறு, வேலி, யானை எதுவும் தெரியாது.

அப்போ நம்பக்கூடியது எது? நீங்க வந்த பாதை. ஏன்னா, அந்த வழியில ஒரு மனுஷன் ஏற்கெனவே நடந்திருக்கான், அது நீங்கதான். பல கருவிகள்ல, வந்த ட்ராக்கையே திருப்பிப் போட்டு வழி காட்டுற வசதி இருக்கு. குறுக்கு வழி ஆசைப்படாம அந்தப் புள்ளிக்கோட்டு மேலேயே திரும்பி வாங்க. ஜி.பி.எஸ். வாங்கறதே போறதுக்காக இல்லை, திரும்பி வர்றதுக்காகத்தான்னு வெச்சுக்கங்களேன்.

கடல்ல இருக்காங்க நம்ம சீனியர்கள்

தமிழ்நாட்டுல கையடக்க ஜி.பி.எஸ்.ஸை யார் நல்லா பழக்கி வெச்சிருக்காங்க தெரியுமா? காலேஜ் பசங்க இல்லை, மீனவர்கள். ராமேஸ்வரம், நாகப்பட்டினம், கன்னியாகுமரின்னு எந்தக் கரைக்குப் போனாலும் படகுல இந்தக் கருவியைப் பார்க்கலாம். மீன் கூடுற பாறை இருக்கிற இடத்தையெல்லாம் பாயின்ட்டா சேவ் பண்ணி வெச்சிருப்பாங்க. நடுக்கடல்ல நடக்கிற கொள்ளைச் செய்திகளைப் படிச்சுப் பாருங்க. வலை, மீனோட சேர்த்து 'ஜி.பி.எஸ். கருவியையும் பறிச்சுட்டுப் போயிட்டாங்க'ன்னு வரும். கருவி போனா அதுல இருக்கிற அத்தனை வருஷத்து இடங்களும் போச்சு.

கருவி வர்றதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட ஒரு முறை இருந்துச்சு. கரையில தெரியற மலை முகடு ஒண்ணு, அதுக்கு முன்னாடி ஒரு கோபுரம், ரெண்டையும் ஒரே கோட்டுல வெச்சுப் பார்க்கிறது. வேற பக்கம் இன்னொரு ஜோடி. ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடம்தான் மீன் இருக்கிற இடம். இதையே நீங்களும் செய்யலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சைக்கிள்ல சுத்தும்போது ஆண்டாள் கோயிலோட பதினோரு நிலை கோபுரம் எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம்னு அப்பப்போ பார்த்துக்கிட்டே போங்க. பேட்டரி செத்தாலும் கோபுரம் அங்கேதான் இருக்கும்.

அந்தக் கடல்ல இருந்தே ஒரு கசப்பான பாடமும் இருக்கு. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்போ, கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பல பேர் எப்பவோ கிளம்பி நெடுந்தூரம் போயிருந்தாங்க. எங்கே இருக்கோம்னு தெரிஞ்சுக்க கருவி இருந்துச்சு. ஆனா, 'புயல் வருது, திரும்பு'ங்கிற சேதி அவங்களைப் போய்ச் சேரலை. 'நாங்க இங்கே இருக்கோம்'னு கரைக்குச் சொல்லவும் வழியில்லை. எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்லை. அதுக்குப் பிறகுதான், நாவிக் சேட்டிலைட் வழியா நடுக்கடலுக்குச் சேதி அனுப்புற கருவிகள் மீனவர்களுக்கு வந்துச்சு.

ஜி.பி.எஸ். கேட்கும், பேசாது. நீங்க எங்கே இருக்கீங்கன்னு உங்களுக்குச் சொல்லும், வேற யாருக்கும் சொல்லாது. சேட்டிலைட்டுக்கே தெரியாது! "கருவி வெச்சிருக்கேன்ல, யாராவது கண்டுபிடிச்சிடுவாங்க"ங்கிறது தப்பான நம்பிக்கை.

சேட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற கருவிகள் வெளிநாட்டுல விக்குது. ஆனா, சேட்டிலைட் போனோ அந்த மாதிரி கருவியோ நம்ம நாட்டுல தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம வெச்சிருக்கக் கூடாது. வெளிநாட்டுப் பயணிகளே ஏர்போர்ட்ல மாட்டியிருக்காங்க. ஃபாரின்ல இருக்கிற மாமா பாசத்தோட வாங்கிட்டு வர்றேன்னு சொன்னா, "வெறும் ஜி.பி.எஸ். போதும் மாமா"ன்னு சொல்லிடுங்க.

அப்போ யார் பேசுவாங்க? நீங்கதான் பேசணும், கிளம்புறதுக்கு முன்னாடி. எந்த வழியா போறோம், கூட யார் யார், எத்தனை மணிக்குள்ள திரும்புவோம், வரலைன்னா யாருக்குச் சொல்லணும்... இதை ஒரு தாள்ல எழுதி வீட்டுல கொடுத்துட்டுப் போங்க. வழியில டவர் கிடைச்சா அவசரத்துக்கு 112.

மலைக்குள்ள போனா காம்பஸ் ஏது?

இப்போ மேற்கே பார்ப்போம். தேவதானம் சாஸ்தா கோயில், ராஜபாளையம் அய்யனார் கோயில், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு, வத்திராயிருப்புக்கு அங்கிட்டு சதுரகிரி... எல்லாம் கூப்பிடு தூரத்துல. லீவு விட்டா கால் தானா அந்தப் பக்கம் இழுக்கும்.

ஆனா, மலை எந்தத் திசைன்னு வெளியே இருந்துதான் சொல்ல முடியும். உள்ளே போயிட்டா எல்லாப் பக்கமும் மலை. அதுவும் செண்பகத்தோப்பு, 1988-லயே சாம்பல் நிற அணில்களுக்காக சரணாலயமா அறிவிச்ச காடு. அங்கே வீட்டுக்காரர் நாம இல்லை.

2015 மே மாதம் சதுரகிரியில காட்டாற்று வெள்ளம் திடீர்னு வந்து பக்தர்கள் உயிரை விட்டாங்க. மேல மலையில மழை கொட்டும்போது கீழே ஓடையில நிக்கிறவனுக்கு வானம் சும்மா இருக்கிற மாதிரிதான் தெரியும். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்களைக் காட்டுத்தீ சூழ்ந்துச்சு. 23 பேர் செத்தாங்க, அதுல நிறைய பேர் இருபது, முப்பது வயசுக்காரங்க. நம்ம அண்ணன், அக்கா வயசு. தீ எந்தப் பக்கம் வருது, வெள்ளம் எப்போ வரும்னு எந்த ஜி.பி.எஸ்.ஸும் சொல்லாது. 'நீ நிக்கிற இடம் இது'ன்னு மட்டும் துல்லியமாச் சொல்லும்.

அந்த வருஷமே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்துச்சு. அனுமதி வேணும், வழிகாட்டி வேணும். 2024 அக்டோபர்ல வனத்துறை 40 பாதைகளைத் தேர்வு செஞ்சு, ஆன்லைன்ல பதிவு பண்ணி வழிகாட்டியோட போற திட்டத்தை ஆரம்பிச்சுது. காட்டுக்குள்ள நடக்கணும்னு ஆசையா, முறையா அந்த வழியில போங்க. கோயிலுக்கோ அருவிக்கோ போறதா இருந்தா, எந்த நாள், எத்தனை மணி வரைக்கும் அனுமதின்னு வனத்துறையில கேட்டுட்டுக் கிளம்புங்க. மழைக்காலத்துல 'இன்னிக்கு வேணாம்'னு சொன்னா, வேணாம்தான். கூட வர்ற பழங்குடி அண்ணன் ஒரு இடத்துல நின்னு காத்தை மோந்து பார்த்துட்டு "திரும்பிடலாம்"னு சொன்னா, ஸ்கிரீனைக் காட்டி வாக்குவாதம் பண்ணாதீங்க. அவர்கிட்ட இருக்கிறது சேட்டிலைட்டுக்குத் தெரியாத தகவல்.

கருவியோட வேலை அங்கே என்ன? கிளம்புற இடத்தை சேவ் பண்றது, ட்ராக் போடறது, மணியைப் பார்த்துக்கிறது. 'எத்தனை மணி ஆனா திரும்பணும்'னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. அந்த மணி அடிச்சா, அருவி அடுத்த வளைவுல இருந்தாலும் திரும்பிடுங்க. இன்னொரு மொபைலை சுவிட்ச் ஆஃப் பண்ணி பையிலயே வெச்சிருங்க.

தாத்தா மண்டையில இருக்கிறது, மேப்புல வரட்டும்

எல்லாம் எச்சரிக்கையாவே போகுதேன்னு முகத்தைச் சுளிக்காதீங்க. இனிமேதான் ஜாலியான பார்ட்.

நீங்க ரெக்கார்ட் பண்ணின ட்ராக்கை ஜி.பி.எக்ஸ்.னு ஒரு ஃபைலா கம்ப்யூட்டர்ல எடுத்துக்கலாம். 2004-ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்னு ஒண்ணு இருக்கு. உலகத்துல யார் வேணும்னாலும் வரையக்கூடிய மேப். உங்க ட்ராக்கை வெச்சு கண்மாய்க்கரைப் பாதையை அதுல வரைஞ்சிடலாம். தமிழ்லயே பேரும் எழுதலாம்.

அந்தப் பேர்தான் முக்கியம். கண்மாய்க்கு ஒரு பேர், மடைக்கு ஒரு பேர், கலுங்குக்கு ஒரு பேர், ஓடைக்கு ஒரு பேர். தாத்தாவுக்கு எல்லாம் தெரியும். நமக்கு 'அந்தக் கண்மாய்', 'இந்த ஓடை' மட்டும்தான். ஓடை மேல பிளாட் போட்டு வித்துட்டாங்கன்னா, அங்கே ஓடை இருந்துச்சுன்னு சொல்ல நம்மகிட்ட என்ன இருக்கு? பத்துப் பேர் ஒரு ஞாயித்துக்கிழமை கண்மாயைச் சுத்தி வந்து, மடையிலயும் கலுங்குலயும் நின்னு பாயின்ட் போட்டு, பெரியவங்ககிட்ட பேர் கேட்டு எழுதினா, அது ஊருக்கே ஒரு பதிவேடு. காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு இதைவிட நல்ல வேலை இருக்கா சொல்லுங்க!

ரெண்டே ரெண்டு கண்டிஷன். காட்டுக்குள்ள போற ஒத்தையடிப் பாதைகளைப் பொதுவுல போடாதீங்க. நீங்க வழிகாட்டியோட போனீங்க, அதைப் பார்த்து வர்றவன் தனியா வருவான், இல்லை வலையோட வருவான். ரெண்டாவது, உங்க வீட்டு வாசல்ல ஆரம்பிச்சு வீட்டு வாசல்லயே முடியற ட்ராக்கை ஊருக்கெல்லாம் காட்டாதீங்க. தினமும் காலையில எத்தனை மணிக்கு எந்தத் தெரு வழியா தனியா ஓடுறீங்கன்னு யாரோ ஒருத்தனுக்கு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். தோழிகள் இதை ரெண்டு தடவை படிங்க. 2018 ஜனவரியில, ஓடுறவங்களோட ட்ராக்குகளைச் சேர்த்து ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த ஒரு உலக மேப்புல, ராணுவ முகாம்களே பளிச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. ராணுவத்துக்கே அந்தக் கதின்னா, நாம எம்மாத்திரம்? வீட்டைச் சுத்தி கொஞ்ச தூரத்தை மறைக்கிற வசதி பெரும்பாலான ஆப்ல இருக்கு. தேடி ஆன் பண்ணுங்க.

விளையாட்டா ஒண்ணு வேணுமா? 2000 மே மாதம் சிக்னல்ல கலந்த பிழையை நிறுத்தின மறுநாளே, அமெரிக்காவுல ஒருத்தர் ஒரு பக்கெட்டுல சின்னச் சின்னப் பொருளைப் போட்டுக் காட்டோரமா ஒளிச்சு வெச்சு, 'நம்பர் இது, முடிஞ்சா கண்டுபிடி'ன்னு அறிவிச்சார். அது இன்னிக்கு ஜியோகேச்சிங்னு உலகம் பூரா நடக்குது. நீங்களும் நண்பனோட தோப்புல ஒரு டிபன் பாக்ஸை ஒளிச்சு வையுங்க. உள்ளே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. நம்பரை வெச்சு முதல்ல கண்டுபிடிக்கிற டீமுக்குத்தான் பால்கோவா. ஆனா தோப்புக்காரர்கிட்ட சொல்லிட்டு வையுங்க. பஸ் ஸ்டாண்டு, கோயில் பக்கமெல்லாம் மர்ம டப்பா வெச்சீங்கன்னா, முதல்ல வர்ற டீம் போலீஸாத்தான் இருக்கும்!

சரி மக்களே, இந்த வார ஹோம்வொர்க். ஊர்ல வயசான ஒருத்தர்கிட்ட போய், பக்கத்து ஊருக்கு அவர் சின்ன வயசுல சைக்கிள்லயோ நடந்தோ போன பாதையைக் கேளுங்க. மறுநாள் காலையில அதே பாதையில போங்க. எங்கே வேலி மறிக்குது, எங்கே கருவேலம் மூடிக் கிடக்குது, எங்கே அப்படியே இருக்குன்னு பாயின்ட் போட்டுக்கிட்டே போங்க. திரும்பி வந்து அவருக்கு அந்தக் கோட்டை ஸ்கிரீன்ல காட்டுங்க. "இந்த இடத்துல ஒரு ஆலமரம் நின்னுச்சே"ன்னு அவர் கேட்டார்னா, அங்கேயும் ஒரு பாயின்ட் போட்டுக்கங்க.

டயர்ல காத்து இருக்கான்னு பார்த்தாச்சா? தண்ணி பாட்டில், பஞ்சர் கிட், மாத்து பேட்டரி, வீட்டுல தாள்... எல்லாம் ரெடியா? அப்புறமென்ன, மிதிங்க!